கடைசி ரீலுக்கு முன்னால்

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். கனடாவில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை இன்னும் சரியாக வரவில்லை, பேச்சு கொஞ்சம் குழறுகிறது, அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். போவதா, இருப்பதா என்று மூன்று மாதமாகக் குழம்பி ராத்திரியெல்லாம் படம் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ஒரு படம் 'போ' என்கிறதாம், இன்னொன்று 'இரு' என்கிறதாம். சொந்த வாழ்க்கையில் ஒரு முடிவெடுக்க சினிமாவிலிருந்து பாடம் எடுக்க முடியுமா, இல்லை அது பைத்தியக்காரத்தனமா என்பது அவர் கேள்வி.

எடுக்கலாம், தம்பி. ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் அது கிடைக்காது. நீங்கள் கடைசி ரீலில் தேடுகிறீர்கள். கடைசி ரீல் இயக்குநருடையது. வேலையை உதறிவிட்டுப் போனவன் கடைசியில் ஜெயித்தால், உதறியது சரி என்று நமக்குத் தோன்றும். அதே ஆள் அதே காரணத்துக்காக உதறிவிட்டு நடுத்தெருவில் நின்றால், 'அப்பவே தெரியும், திமிர் பிடித்தவன்' என்போம். முடிவெடுத்த அன்றைக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது இரண்டு கதையிலும் ஒன்றேதான். மாறியது கடைசிப் பத்து நிமிடம் மட்டும். அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருநெல்வேலியில் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பல வருடம் ஒரு திரைப்படச் சங்கம் நடத்தினோம். முதலில் 16 எம்எம் புரொஜக்டர், அப்புறம் டிவிடி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட ஹால், டீ, பருப்பு வடை. எங்களோடு ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். படம் முடிந்து நடக்கிற விவாதங்களைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துப்போனது. "முடிவு தெரிஞ்ச பொறகு எல்லாரும் சோசியக்காரந்தான்" என்பார். அவர்தான் ஒரு ஏற்பாடு செய்தார். பாத்திரம் ஒரு முடிவெடுக்க வேண்டிய இடம் வரும்போது படத்தை நிறுத்திவிடுவோம். எல்லோருக்கும் பஸ் டிக்கெட் அளவுக்கு ஒரு துண்டுச் சீட்டு. 'நீ என்ன செய்வாய்' என்று ஒரே வரியில் எழுதி, பேர் போடாமல், காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட வேண்டும். பிறகு மீதிப் படம். முடிந்ததும் வாத்தியார் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பார்.

நடப்பதைப் பார்க்க வேண்டுமே! ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தன் கையால் எழுதியதை, 'இதை எந்த மடையன் எழுதினான்' என்று சிரித்தவர்கள் உண்டு. பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. முடிவைப் பார்த்த பிறகு, முதலிலேயே அப்படித்தான் நினைத்தோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். என் கையெழுத்தும் ஒருமுறை அப்படி மாட்டியது.

உங்கள் கேள்விக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்துகிற படம் ஒன்றை இந்த முறையில் போட்டோம். அஸ்கர் ஃபர்ஹாதி எடுத்த 'எ செபரேஷன்', 2011இல் வந்த ஈரானியப் படம். பெர்லினில் தங்கக் கரடி, அடுத்த வருடம் ஆஸ்கர் எல்லாம் வாங்கியது. முதல் காட்சியிலேயே கணவனும் மனைவியும் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். நீதிபதியின் குரல் மட்டும் கேட்கும். அதாவது நீதிபதியின் நாற்காலியில் நம்மை உட்கார வைத்துவிடுகிறார்கள். மனைவி சிமினுக்கு மகளை வெளிநாடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். விசா கைக்கு வந்துவிட்டது, இன்னும் நாற்பது நாளில் காலாவதியாகிவிடும். கணவன் நாதிருக்கு அப்பாவை விட்டு வர மனமில்லை. அப்பாவுக்கு அல்ஸைமர், மறதி நோய். உங்களை மகன் என்றே அவருக்குத் தெரியாதே என்கிறாள் அவள். அவர் என் அப்பா என்று எனக்குத் தெரியுமே என்கிறான் அவன்.

அந்த இடத்தில் நிறுத்தினோம். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. பிறகு பேசிப் பார்த்ததில், பாதிப் பேருக்கு மேல் 'நாதிர் சொல்வதுதான் சரி' என்று எழுதியிருந்தார்கள். என்னுடையதும் அதுதான். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அப்புறம் படத்தை ஓடவிட்டோம். போவதா இருப்பதா என்ற அந்தப் பெரிய கேள்வி ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மீதிப் படம் முழுக்க, அந்தப் பெரிய முடிவு பெற்றுப் போட்ட சில்லறை முடிவுகள். சிமின் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ரஸியே என்ற ஏழைப் பெண்ணை நாதிர் வேலைக்கு வைக்கிறான். வெகு தூரத்திலிருந்து சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறவள். வயிற்றில் குழந்தை வேறு. முதல் நாளே பெரியவர் உடையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறார். ரஸியே மதநெறியில் ஊறியவள். வேற்று ஆணின் உடையை மாற்றலாமா, பாவமாகுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. என்ன செய்கிறாள் தெரியுமா? மார்க்க விஷயங்களுக்குப் பதில் சொல்கிற இடத்துக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். பெரியவர் நனைந்த உடையோடு நிற்கிறார், இவள் போனில் யாரோ ஒருவரிடம் அனுமதி கேட்கிறாள். பக்கத்தில் அவளுடைய குட்டிப் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அந்தக் காட்சியில்தான் என் மனைவி என் பக்கம் குனிந்து, "உங்க நாதிர் எங்க போனாரு?" என்று கேட்டாள்.

ஆபீஸுக்குப் போயிருக்கிறார். அப்பாவை விட்டு வர மாட்டேன் என்ற கொள்கை அவருடையது. உடை மாற்றுவது சம்பளத்துக்கு வந்தவளுடைய வேலை. நாதிர் கெட்டவன் இல்லை. அப்பாவைக் குளிப்பாட்டும்போது அவர் முதுகில் சாய்ந்து அழுகிற மகன் அவன். ஆனாலும் அந்தக் கொள்கைக்கான செலவு பல பேர் தலையில் போய் விழுகிறது. ரஸியே தலையில் விழுகிறது. கடைசியில் தெர்மே தலையில், அதுதான் அவர்களுடைய பதினோரு வயது மகள். அப்பாவைக் காப்பாற்ற அந்தப் பிள்ளை நீதிபதி முன்னால் பொய் சொல்ல வேண்டியதாகிறது. சொல்லிவிட்டு வந்து காரில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுகிறது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வாருங்கள். 'போவதா, இருப்பதா' என்று எழுதியிருக்கிறீர்கள். அது முதல் ஐந்து நிமிடத்துக் கேள்வி. மீதிப் படம் என்ன? போனால், அப்பாவை பிசியோதெரபிக்கு யார் கூட்டிக்கொண்டு போவது? குளியலறையில் வழுக்கினால் அம்மா ஒருத்தியால் தூக்க முடியுமா? பக்கத்தில் ஓடிவரக்கூடியவர்கள் யார், அவர்களிடம் சொல்லி வைத்தாயிற்றா? சரி, இருந்துவிட்டால்? கோவையில் இருந்துகொண்டு ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்புகிற மகன் அப்பாவுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறான்? கோபித்துக்கொள்ளாதீர்கள். கனடாவுக்குப் போகாமல் இருந்தே அப்பாவைக் கவனிக்காதவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். 'இருந்தேன்' என்று மட்டும் கணக்கு வைத்திருப்பார்கள்.

நம் ஊர்ப் படங்களில் இந்த மீதிக் கதையைப் பெரும்பாலும் ஒரு பாட்டுக்குள் அடைத்துவிடுவார்கள். 'சூர்யவம்சம்' படத்தில் ஒரே பாட்டில் கணவன் பஸ் முதலாளி, மனைவி கலெக்டர். முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று மூன்று கட்டம், ஏறக்குறைய ஒரு வருடம் இழுக்கிற தேர்வு அது. ஒரு தடவையில் முடிப்பவர்களும் குறைவு. நமக்கு அது இரண்டு சரணம். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும், இப்போது வந்தாலும் டிவியை மாற்ற மாட்டேன். ஆனால் நம் முடிவுகளுக்கான விலை இருப்பது இயக்குநர் வெட்டிப் போட்ட அந்த நாட்களில்தான். வேலையை விட்டு ஏழாவது மாதம் வாடகை தேதி வருகிற நாளை எந்தப் பாட்டிலும் பார்த்ததில்லை.

வெட்டாமல் காட்டுகிற படங்களும் உண்டு. அகிரா குரோசவாவின் 'இகிரு', 1952. இதைப் போடாத திரைப்படச் சங்கம் இருக்காது. நகராட்சி அலுவலகத்தில் ஒரு பிரிவின் தலைவர் வதனாபே. தகாஷி ஷிமுரா நடித்திருப்பார். முப்பது வருடமாகக் காகிதத்தில் முத்திரை குத்திக்கொண்டிருப்பவர். (வங்கிக்காரர்கள் ஐந்தாறு பேர் முன்வரிசையில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.) அவருக்கு வயிற்றில் புற்றுநோய், அதிக நாள் இல்லை என்று தெரிகிறது. குடிக்கிறார், ஊர் சுற்றுகிறார், எதுவும் ஒட்டவில்லை. அவர் அலுவலகத்தில் வேலை பார்த்த தோயோ என்ற இளம்பெண் அந்த வேலை பிடிக்காமல் பொம்மைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டவள். அவளைத் தேடிப் போய், உனக்கு மட்டும் எப்படி இவ்வளவு உயிர்ப்பு இருக்கிறது என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறார். அவள் பயந்துபோய், தான் செய்கிற சாவி கொடுத்த முயல் பொம்மை ஒன்றை மேசையில் வைக்கிறாள். அது தத்தித் தத்திப் போகிறது. அந்தப் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், தன் அலுவலகத்திலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது என்று அவருக்கு உறைக்கிறது. பொம்மையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடுகிறார். எதிரே வேறு யாரோ ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள் விழா, அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்த கூட்டம் வாழ்த்துப் பாட்டுப் பாடுகிறது. இவர் காதில் அது விழவே இல்லை.

மறுநாள் அலுவலகம் வந்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் கொடுத்து எங்கெங்கோ தள்ளிவிடப்பட்ட ஒரு பழைய மனுவை எடுக்கிறார். சாக்கடை தேங்குகிற இடத்தைத் தூர்த்துப் பிள்ளைகளுக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று கேட்ட மனு.

வேறு இயக்குநராக இருந்தால் இங்கே ஒரு பாட்டு வைத்துப் பூங்காவைக் கட்டி முடித்திருப்பார். குரோசவா டக்கென்று ஐந்து மாதம் தாண்டுகிறார். வதனாபே இறந்துவிட்டார், அவர் படத்துக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேலான படத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்த இழவு வீடுதான். பூங்காவுக்கான பெயரை மேலதிகாரி தட்டிக்கொண்டு போகிறார். அவர் கிளம்பிப் போன பிறகு சக ஊழியர்கள் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாக நினைவுகூர்கிறார்கள். எந்த மேசை முன்னால் எத்தனை நாள் தலைகுனிந்து நின்றார், யார் மிரட்டினார்கள், எப்படிச் சிரித்தார். போதை ஏற ஏற அவர்களுக்கு அழுகை வருகிறது. நாமும் இனி அவரைப் போல இருப்போம் என்று சத்தியம் செய்கிறார்கள்.

அடுத்த காட்சி அலுவலகம். ஒரு மனு வருகிறது. புதிதாகத் தலைவரானவர் அதை வேறு பிரிவுக்குப் போகச் சொல்கிறார். ஒரே ஒரு ஊழியர் மட்டும் பொறுக்காமல் எழுந்து நிற்கிறார். மற்றவர்கள் பார்க்கிற பார்வையில் அவரும் உட்கார்ந்து, மேசைமேல் குவிந்த காகிதங்களுக்குப் பின்னால் மறைந்துபோகிறார்.

படம் பார்த்துப் பாடம் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்கிற நம் எல்லோரையும்தான் குரோசவா அந்த இழவு வீட்டில் உட்கார வைத்திருக்கிறார் என்று எனக்குப் படும். பாடம் அவர்களுக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. விடிந்ததும் போய்விட்டது. வதனாபேயிடம் இருந்தது ஒரு பழைய மனு, கையில் எடுத்து ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோகக்கூடிய ஒரு காகிதம். அழுதவர்களிடம் அழுகை மட்டும் இருந்தது. ஆகவே, ஒரு படம் உங்களை உலுக்கினால் அன்றைக்கு ராத்திரியே முடிவெடுக்காதீர்கள். மறுநாள் காலையில் அதனால் கையில் எடுக்கக்கூடிய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது நல்ல படம், அவ்வளவுதான்.

ராத்திரியே முடிவெடுத்தவன் கதையைச் சொல்கிறேன். அது என் கதை.

1992 தீபாவளிக்கு 'தேவர் மகன்' வந்தது. லண்டனில் படித்துவிட்டு ஊருக்கு வருகிற சக்திக்கு உணவகங்கள் திறக்கும் கனவு. கூடவே பானு என்கிற காதலி. அப்பாவுக்கு அவன் ஊரிலேயே இருக்க வேண்டும். அப்பாவும் மகனும் பேசுகிற அந்த மழைக் காட்சியை நான் சொல்ல வேண்டியதில்லை, சிவாஜியும் கமலும். பிறகு அப்பா சாகிறார், மகன் துண்டைப் போட்டுக்கொண்டு அந்த இடத்தில் உட்காருகிறான். தியேட்டரில் விசில் அடங்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த வருடமே எனக்கு அதிகாரி பதவி உயர்வு வந்தது. வங்கியில் பதவி உயர்வு என்றால் கூடவே மாற்றலும் வரும். பீகாரில் போட்டார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, வீசிங். நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சக்தி லண்டனை விட்டான், நான் பீகாரை விட்டேன். இருபது வருடம் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்த பையன்கள் மேனேஜராகி எனக்கே லீவு சாங்ஷன் செய்தபோதெல்லாம், 'அம்மாவுக்காக விட்டேன்' என்று மனசுக்குள் ஒரு மெடலைத் தடவிக்கொள்வேன்.

கடைசிக் காலத்தில் ஒருநாள் அம்மா படுக்கையில் இருந்தாள். யாரோ உறவுக்காரர் வந்திருந்தார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு அந்தப் பழைய கதையை எடுத்து விட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "நான் போயிட்டு வாலேன்னுதான சொன்னேன். இந்திக்குப் பயந்துட்டு எம்பேர்ல எழுதிட்ட."

உண்மை. நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கு இந்தி வராது. தெரியாத ஊரில் தெரியாத பாஷையில் ஒரு கிளைக்குப் போய் உட்கார எனக்கு உதறல். போகக்கூடாது என்பதை நான் முன்னாலேயே முடிவு செய்திருந்தேன். படம் அதற்கு ஒரு கம்பீரமான காரணத்தை எடுத்துக் கொடுத்தது. அம்மா 'போ' என்று சொன்னது என் காதில் விழவே இல்லை.

அதற்கப்புறம் 'தேவர் மகனை' மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை கண்ணில் பட்டது வேறு ஒன்று. மாயன் என்கிற எதிராளிக்குப் பயந்து மாப்பிள்ளை ஓடிவிட, கல்யாணம் நின்றுபோன பஞ்சவர்ணத்தின் கழுத்தில் சக்தியே தாலி கட்டுகிறான். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றுகிறான், பெரிய மனசு. சரிதான். பானு? அவளிடம் யார் கேட்டது? அவனையே நம்பியிருந்தவள் திரும்பி வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. தியாகம் சக்தியுடையது, இழப்பு பானுவுடையது. பஞ்சவர்ணத்திடமும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. முதல் தடவை பார்த்தபோது இந்த இரண்டு பெண்களும் என் கண்ணுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் படத்தில் இல்லை. படம் அவர்களை மறைக்கவில்லை. பஞ்சவர்ணமாக வருகிற ரேவதியின் முகத்தை அவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்.

என் அக்காவுக்கு இது என்னைவிட வெகு முன்னாலேயே தெரிந்திருந்தது. 1974இல் பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' வந்தபோது குடும்பத்தோடு போனோம். அப்பா சந்நியாசியாகப் போய்விட, குடிகார அண்ணனையும் மற்ற எல்லோரையும் தன் சம்பளத்தில் தாங்குகிற கவிதா. கல்யாணம் கூடி வந்த வேளையிலும் அது நடக்காமல் போய், மறுபடி அதே வேலைக்குக் கிளம்புகிறாள். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் 'என்ன பொண்ணுடா' என்று உருகினார்கள். அக்கா அப்போது பள்ளிக்கூட வேலையில் இருந்தாள், வீட்டு வாடகை அவள் சம்பளத்தில். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து அம்மாவிடம் மட்டும், "ஒனக்கு என்ன வேணும்னு அவளக் கடைசி வரைக்கும் ஒருத்தனும் கேக்கலையேம்மா" என்றாளாம். எனக்கு இது அக்கா இறந்த பிறகு தெரியவந்தது.

ஒரு படம் 'போ' என்கிறது, ஒரு படம் 'இரு' என்கிறது என்று சொன்னீர்களே, இதில் எந்தப் படத்தை இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தீர்கள்? எதைப் பாதியில் நிறுத்தினீர்கள்? அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாத்திரத்தின் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது என்பதையும். நான் அன்றைக்கு தியேட்டரில் ஏன் அப்படி அழுதேன் என்று என்னையே கேட்டிருந்தால், இந்தி கற்றுக்கொள்ள ஒரு டியூஷன் வாத்தியாரைத் தேடியிருப்பேன். பீகாருக்குப் போயிருப்பேனா என்பது வேறு. குறைந்தது, அம்மா பேரை இழுத்திருக்க மாட்டேன்.

இன்னும் ஒரு படம். உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது, 'குற்ற உணர்வு போனால் போதும், உடனே முடிவெடுத்துவிடுவேன்' என்று. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மகேந்திரனின் 'முள்ளும் மலரும்', 1978. மலையில் ஒரு மின்நிலையம், அங்கே மலையில் கம்பியால் இழுத்து ஏற்றும் விஞ்ச் வண்டியை இயக்குகிறவன் காளி. முரடன், தங்கை வள்ளிதான் அவன் உலகம். புதிதாக வந்த இன்ஜினியர் குமரன் கறாரான ஆள், காளிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. சஸ்பெண்ட் ஆகிக் குடித்துவிட்டுக் கிடந்தபோது லாரி ஏறி ஒரு கை போய்விடுகிறது, வேலையும் போகிறது. அதே குமரன் வள்ளியைப் பெண் கேட்கிறார். காளி மாட்டேன் என்கிறான். வீம்புக்கு வேறொருவனைப் பார்க்கிறான். கடைசியில் வள்ளியைக் காளியின் மனைவி மங்காவும் ஊராரும் சேர்ந்து குமரனுக்குக் கட்டி வைக்க அழைத்துக்கொண்டு போகிறார்கள். காளி வழியில் வந்து நிற்கிறான். எல்லோரும் என்னை விட்டுப் போகிறீர்களா என்பது போல ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். வள்ளி கூட்டத்தை விட்டு ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள்.

இந்த இடத்தில் நிறுத்தியபோது விழுந்த சீட்டுகளில் பெரும்பாலும் 'மனம் மாறிவிடுவான்' என்றுதான் இருந்தது. அவன் மனம் மாறவில்லை. தங்கை தன்னிடம் வந்துவிட்டாள், அது போதும் அவனுக்கு. அவளைத் தானே கூட்டிக்கொண்டு போய்க் குமரனிடம் ஒப்படைக்கிறான். ஆனால் அப்போதும், எனக்கு இப்பவும் உங்களைப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். கட்டிப்பிடித்து அழுது சமாதானம் ஆவதெல்லாம் இல்லை. பிடிக்காதது அப்படியே இருக்கிறது, செய்ய வேண்டியதைச் செய்துவிடுகிறான்.

தமிழில் ஒரு முடிவை இவ்வளவு நேர்மையாக எடுத்த பாத்திரம் எனக்கு வேறு நினைவுக்கு வரவில்லை. மனசு ஒத்துவந்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும் என்று நாம் காத்திருக்கிறோம். உங்கள் குற்ற உணர்வு போகாது, தம்பி. போனால் டொராண்டோ குளிரில் அம்மா போனை எடுக்காத ஒரு ராத்திரியில் அது வரும். இருந்தால், நண்பன் அங்கே வீடு வாங்கிப் போட்டோ அனுப்பும்போது வேறு முகத்தில் வரும். அது ஒருபக்கம் இருக்கட்டும், அதோடு சேர்த்தே முடிவெடுக்க முடியும். காளி ஒரு கையோடு அதைத்தான் செய்தான்.

'எ செபரேஷன்' படத்தைப் பாருங்கள், முதல் காட்சியில் நிறுத்தி ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு. அந்தப் படத்தின் கடைசியில் தெர்மே யாரோடு இருக்கப் போகிறாள் என்று நீதிபதி கேட்கிறார். முடிவு செய்துவிட்டேன் என்கிறாள். பெற்றோரை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் நடைக்கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் காத்திருக்கும்போதே பெயர்கள் ஓடி முடிந்துவிடுகின்றன. எங்கள் ஹாலில் பலருக்குக் கோபம் வந்தது, என்னய்யா படம் என்றார்கள். வாத்தியார் மட்டும் சிரித்துக்கொண்டே பாட்டிலை மூடினார். அன்றைக்கு வாசிக்கவில்லை, கையெழுத்தைப் பார்த்துச் சீட்டுகளை அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னுடையது இன்னும் பர்ஸில் இருக்கிறது.

நாதிரின் அப்பாவைக் கேட்க முடியாது, அவருக்கு மகனையே தெரியவில்லை. உங்கள் அப்பாவுக்குப் பேச்சு கொஞ்சம் குழறுகிறது என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில், அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. அம்மா சொன்னதும் இல்லை. ஊருக்குப் போகும்போது கேளுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம், பக்கவாதம் வந்தவர்கள் பலர் பொழுது சாயும்போதே களைத்துவிடுவார்கள். காலையில் காபி குடித்து முடித்த பிறகு, டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வார்த்தை வர நேரமாகும். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், அவரே சொல்லி முடிக்கட்டும்.